கையாட்டிப் பவளம்

துணிக்கடையின் பின்பக்கம், உடை மாற்றும் அறைகளை ஒட்டி ஒரு மேசை, ஒரு தையல் எந்திரம், ஒரு முக்காலி. அங்கே உட்கார்ந்து, வாங்கிய துணிகளை அளவுக்கு ஆல்ட்டர் செய்து கொடுப்பதால் அவளுக்கு ஆல்ட்டரம்மா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டுதான். கூப்பிட ஆள் இல்லாமல் அது எப்போதோ புழக்கத்திலிருந்து போய்விட்டது. கால்சட்டையின் நீளத்தைக் குறைப்பாள், சட்டையின் தோளை இறக்குவாள். இனிமேல் இளைத்துவிடுவேன் என்று சபதம் போட்டு இறுக்கமாக வாங்கிப் போனவர்கள், கொஞ்ச நாள் கழித்து இடுப்பைத் தளர்த்தச் சொல்லி வந்து நிற்பார்கள். அவள் முகத்தில் ஒன்றையும் காட்டாமல் டேப்பைச் சுற்றி அளவெடுப்பாள்.

அவளிடம் ஒரு கெட்ட பழக்கம். எங்கேயாவது நூல் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. எதிரில் நிற்கிறவர் யார், என்ன என்று பார்க்க மாட்டாள். கழுத்தில் தொங்கும் குட்டிக் கத்திரியை எடுத்து நறுக்கென்று வெட்டிவிடுவாள். ஒருமுறை கடை முதலாளியின் சட்டையிலேயே வெட்டிவிட்டாள். அது நூலில்லை, காது மெஷினின் ஒயர். அவர் அன்று முழுக்க யார் பேசினாலும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் கைதான் வீட்டிலும் வேலையைக் கெடுத்தது.

வீடு என்றால் மூன்றாவது மாடியில் இரண்டு அறையும் ஒரு கூடமும். கூடத்தில் ஒரு சுவர் நீளத்துக்கு உப்புநீர்த் தொட்டி. உள்ளே பாறைகள், பாறைகளின்மேல் பவளங்கள், ஆரஞ்சும் வெள்ளையுமாய்ப் பட்டை போட்ட இரண்டு மீன்கள், வேலை வெட்டி இல்லாமல் ஊர்ந்துகொண்டிருக்கும் சில நத்தைகள். மேலே நீல விளக்கு. மூலையில் தண்ணீரைச் சுழற்றும் மோட்டார் உர்ரென்று ஓடிக்கொண்டே இருக்கும். அந்த வீட்டில் அவளுக்கு அடுத்தபடியாகச் சத்தம் போடுவது அதுதான். அவளும் அதிகம் சத்தம் போடுகிறவள் இல்லை.

தொட்டி அவளுடையது அல்ல, மருமகளுடையது. மருமகள் என்று இன்னும் சொல்லலாமா என்பதே ஒரு கேள்வி. கோர்ட்டில் கையெழுத்துப் போட்டு எல்லாம் முடிந்துவிட்டது. முன்னாள் மருமகள் என்று சொல்லிப் பார்த்தால் முன்னாள் அமைச்சர் மாதிரி இருக்கிறது. மகனின் மனைவியாக இருந்தவள் என்று சுற்றி வளைத்தால் மூச்சு வாங்குகிறது. நான் மருமகள் என்றே சொல்லப்போகிறேன். ஆட்சேபணை உள்ளவர்கள் மறுபடி கோர்ட்டுக்குப் போகட்டும்.

மகனும் மருமகளும் சண்டை போட்டிருந்தால்கூட நடுவில் புகுந்து சமாதானம் செய்திருக்கலாம். அவர்கள் சண்டையே போடவில்லை. ஒருநாள் இரண்டு பேரும் வந்து பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பஸ் நேரத்தைச் சொல்வதுபோல் பிரியப்போவதைச் சொன்னார்கள். மருமகள் வேறு ஊரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை வாங்கிக்கொண்டு ஒரு பெட்டியோடு போனாள். மகனும் மாற்றல் வாங்கிக்கொண்டு இன்னொரு ஊருக்குப் போனான். தொட்டி மட்டும் நகரவில்லை. மருமகளுக்குக் கிடைத்த அறையில், தண்ணீர் ஒழுகும் சாமான் எதுவும் கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"கொஞ்ச நாள் பாத்துக்கோங்க அத்தை. பெரிய இடம் கிடைச்சதும் எடுத்துக்கறேன்" என்றாள் வாசலில் நின்று.

"நீ போய்ட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்று இவள் சொன்னாள். போய்ட்டு வா என்று சொன்னது பழக்கத்தில் வந்துவிட்டது. வர மாட்டாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஆல்ட்டரம்மாவுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது. பெற்ற மகனைவிடப் பிடித்திருந்தது என்று சொன்னால் கொஞ்சம் அதிகமாகத் தெரியலாம், ஆனால் உண்மை அதுதான். மகன் நல்லவன், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவன். அவள் அப்படியில்லை. கூடத்தில் தரையில் உட்கார்ந்து சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீரை ஊற்றி, மருந்தைச் சொட்டுச் சொட்டாய் விட்டுக்கொண்டே ஊர்க்கதை எல்லாம் பேசுவாள். நடுவில் நிறம் மாறிவிட்டால், "அத்தை, எத்தனை சொட்டு விட்டேன்?" என்று கேட்பாள். அத்தைக்குத் தெரியாது. இரண்டு பேரும் சிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

போன புதிதில் அடிக்கடி போன் செய்தாள். உப்பு எவ்வளவு கலக்க வேண்டும், மோட்டாரை எப்படிக் கழுவ வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். இவள் சீக்கிரமே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று பிறகுதான் தெரிந்தது. சந்தேகம் தீர்ந்ததும் போன் வருவது குறைந்தது, பிறகு நின்றுபோனது. இவளாகக் கூப்பிடலாம்தான். எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எடுத்ததும் என்ன கேட்பது? அடுத்த வீட்டுக்காரர்கூட உரிமையோடு கேட்கிற நலமா என்ற கேள்வியைக் கேட்க இவளுக்கு நா எழவில்லை. உன்னை அனுப்பிவிட்ட வீட்டிலிருந்து பேசுகிறேன், நலமா?

அந்தச் சமயத்தில்தான் வலது கோடிப் பாறையில் ஒரு புதுப் பவளம் தலைகாட்டியது. இளஞ்சிவப்புத் தண்டு, தண்டின் உச்சியில் குட்டிக் குட்டியாய்க் கைகள். ஒவ்வொரு கையிலும் இறகு மாதிரி எட்டு விரல்கள். விரல்களை விரிக்கும், மூடும், மறுபடி விரிக்கும். வேலையிலிருந்து வந்து விளக்கைப் போட்டால், காலிக் கூடத்தில் யாரோ கையாட்டிக்கொண்டிருப்பார்கள். அவளும் ஒருநாள் பதிலுக்குக் கையாட்டிவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறவளை யார் பார்க்கப் போகிறார்கள்? கையாட்டி என்று அதற்குப் பெயர் வைத்தாள்.

கையாட்டி மளமளவென்று வளர்ந்து தண்டு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் அவளுக்குத்தான் பொறுக்காதே. குட்டிக் கத்திரியோடு கையை உள்ளே விட்டு நறுக்கு நறுக்கென்று ஒழுங்குபடுத்தினாள். வெட்டுப்பட்ட துண்டுகள் மோட்டார் நீரோட்டத்தில் சுற்றி, தொட்டி முழுக்கப் பறந்து, விழுந்த இடத்தில் ஒட்டிக்கொண்டன. கொஞ்ச நாளில் ஒவ்வொரு துண்டும் ஒரு குடும்பம் ஆனது. பாறை, கண்ணாடி, மோட்டாரின் முதுகு, எங்கே பார்த்தாலும் கை.

இப்போது கேட்பதற்கு அவளுக்கு ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. போன் செய்தாள்.

"கத்திரியாலயா வெட்டினீங்க? அத்தை! அதை வெட்டக் கூடாது அத்தை, ஒவ்வொரு துண்டும் தனிச் செடியா முளைக்கும்!" மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "உலகத்துல அதை வளர்க்கணும்னு நினைக்கறவங்கதான் அத்தை அப்படி வெட்டுவாங்க!"

காது குளிர்ந்துபோனது ஆல்ட்டரம்மாவுக்கு. திட்டுவாள் என்று நினைத்திருந்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் பத்துத் தொட்டியைக்கூடக் கெடுக்கலாம் என்று தோன்றியது. அன்று பேச்சு கையாட்டியில் ஆரம்பித்து, மருமகளின் பரிசோதனைக் கூடத்துப் பக்கம் போய், ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்த ஒரு பயில்வானிடம் வந்து நின்றது. வைக்கும்போது, "அடுத்த ஞாயித்துக்கிழமை கூப்பிடறேன் அத்தை, என்ன ஆச்சுனு சொல்லுங்க" என்றாள்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் போன்தான். பாறையை வெளியே எடுத்து, தனி வாளியில் உப்புத் தண்ணீரில் வைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் கையாட்டியை வேரோடு சுரண்டச் சொன்னாள். இவள் சுரண்டினாள். அதன் பக்கத்தில் ஒரு வெறும் கல்லை வைத்து, அது கல்மேல் ஏறியதும் கல்லோடு தூக்கிவிடச் சொன்னாள். இவள் தூக்கினாள். சுரண்டிய இடத்தில் நகக்கண் அளவு விட்டுப்போனதுகூட மறுபடி துளிர்த்தது. ஒவ்வொரு வாரமும் சொல்ல ஏதாவது இருந்தது. சின்ன வெற்றி, பெரிய தோல்வி, பிறகு பயில்வான் போல இன்னொரு கதை.

நடுவில் மகன் மூக்கை நுழைத்தான். அவனுக்கு மறு கல்யாணம் பேசி முடிந்திருந்தது. "புதுசா வர்றவளைக் கூட்டிக்கிட்டு அங்க வரும்போது கூடத்துல அந்தத் தொட்டி இருந்தா நல்லாவா இருக்கும்? அவ பொருள் நமக்கு எதுக்கும்மா? எடுத்துக்கச் சொல்லு" என்றான். அம்மாவிடம் சொன்னதோடு விடாமல், மருமகளுக்கும் ஒரு வரி மரியாதையாக எழுதி அனுப்பிவிட்டான். அவளும் மரியாதையாகவே ஏற்பாடு செய்துவிட்டாள். மரியாதைக்கு இரண்டு பேரிடமும் ஒரு குறைச்சலும் இல்லை, அதனால்தான் எதுவும் உருப்படவில்லை என்பது என் கட்சி.

"தொட்டிக் கடைக்காரர்கிட்ட பேசிட்டேன் அத்தை" என்றாள் அந்த ஞாயிற்றுக்கிழமை. "தொட்டி, மீன், பவளம் எல்லாத்தையும் அவரே வந்து எடுத்துக்குவாராம். ஒரே ஒரு நிபந்தனை. கையாட்டி ஒண்ணுகூட இருக்கக் கூடாதாம். ஒரு துண்டு அவர் கடைக்குள்ள போனாலும் அவர் தொட்டி எல்லாம் போச்சாம். அதனால முதல்ல அதை ஒழிச்சுடுவோம். அப்புறம் உங்களுக்கும் தொல்லை விட்டுது."

"ஆமா, தொல்லைதான்" என்றாள் ஆல்ட்டரம்மா.

போனை வைத்துவிட்டுத் தொட்டியைப் பார்த்தாள். கணக்குப் போட பெரிய படிப்பு வேண்டியதில்லை. கையாட்டி போனால் தொட்டி போகும். தொட்டி போனால் ஞாயிற்றுக்கிழமை போகும்.

அன்றிலிருந்து அவள் இரண்டு கட்சியிலும் சேர்ந்துகொண்டாள். முன்பக்கம் ஒழுங்காகச் சுரண்டுவாள்; பாறையின் பின்பக்கம், கண்ணுக்கு எட்டாத இடத்தில், இரண்டு தண்டை விட்டுவைப்பாள். மீனுக்கு ஒரு சிட்டிகை போட வேண்டிய இடத்தில் மூன்று சிட்டிகை போடுவாள். தின்றது போக மிச்சம் கரைந்து தண்ணீர் கொழுத்துப்போகும். அந்தக் கொழுத்த தண்ணீர்தான் கையாட்டிக்குச் சாப்பாடு என்று மருமகளே முன்னொரு நாள் சொல்லியிருந்தாள். "எவ்வளவு சுரண்டினாலும் வருதே அத்தை, ஆச்சரியமா இருக்கு" என்று அவள் சொல்லும்போதெல்லாம் இவள், "அதானே, எனக்கும் புரியல" என்பாள். பொய் சொல்லும்போது அவளுக்குக் காது சிவக்கும். நல்ல வேளையாகப் போனில் காது தெரியாது.

இப்படியே ஓட்டியிருப்பாள். ஆனால் தொட்டியின் நடுவில் ஒரு மூளைப் பவளம் இருந்தது. கைக்கு அடங்குகிற பச்சை உருண்டை, மேலெல்லாம் வளைந்து வளைந்து போகும் வரப்பு. மருமகள் முதன்முதலில் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. கல்யாணத்துக்கு முன்பே வாங்கி வாளியில் வைத்து வளர்த்து, இந்த வீட்டுக்கு வரும்போது மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கையாட்டிக் கூட்டம் அதன் ஒரு ஓரத்தில் ஏறிவிட்டது. ஏறிய இடத்தில் வெளிச்சம் படாமல் பச்சை உரிந்து, உள்ளே வெள்ளை ஓடு தெரிந்தது. ஆல்ட்டரம்மா அதைப் பார்த்த அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை மறைத்து, மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் சொல்லிவிட்டாள்.

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"பரவாயில்ல அத்தை" என்றாள் மருமகள் கரகரத்த குரலில். "நீங்க என்ன பண்ணுவீங்க. நான்தான் விட்டுட்டு வந்துட்டேன். விட்டுட்டு வந்துட்டு, அது நல்லா இருக்கணும்னா எப்படி?"

கோர்ட்டுக்குப் போன அன்றுகூட அழாத பெண். ஆல்ட்டரம்மாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வாரத்துக்கு ஒரு தடவை இந்தக் குரலைக் கேட்பதற்காக, இந்தக் குரலுக்குச் சொந்தமானதையே அழித்துக்கொண்டிருக்கிறாளே. ச்சீ, என்ன ஜென்மம் நான் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு வேலையில் இறங்கினாள். மூளைப் பவளத்தைச் சுற்றி ஏறியிருந்ததை எல்லாம் விரல் நகத்தால் மெதுவாய்ப் பிரித்தாள், பட்டுத் துணியில் தையல் பிரிக்கிற பொறுமையோடு. மீனுக்குத் தீனியை அரைச் சிட்டிகையாக்கினாள். புதிதாக உப்புத் தண்ணீர் கலந்து வாளி வாளியாய் மாற்றினாள். தண்ணீரில் கரைந்த அழுக்கை உறிஞ்சுகிற துகள் மூட்டை ஒன்றை மருமகள் எப்போதோ வாங்கி வைத்திருந்தாள், அதையும் தொங்கவிட்டாள். வாரம் முழுக்க இதே வேலை. தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் தெளிந்தது. மூளைப் பவளத்தின் ஓரம் மேலும் உரியாமல் நின்றது.

ஒருநாள் காலையில் எழுந்து வந்து பார்த்தாள். ஒரு கைகூட ஆடவில்லை.

தண்டெல்லாம் சுருங்கித் தொங்கின. மத்தியானத்துக்குள் கூழாய்க் கரைந்து, மோட்டாரில் சிக்கி, நாற்றம் எடுத்தது. இந்த ஜாதிப் பவளம் அப்படித்தான், அழுக்கில் கொழிக்கும், தண்ணீர் ரொம்பச் சுத்தமானால் ஒரே நாளில் மொத்தமாய்ப் போய்விடும். மீன்களைக் காப்பாற்ற அவள் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு கூழை எல்லாம் உறிஞ்சி எடுத்தாள். பின்பக்கம் ஒளித்து வைத்திருந்த இரண்டு தண்டும் போய்விட்டன. ஒரு வருஷமாக இரண்டு பெண்கள் சேர்ந்து ஒழிக்க முடியாதது, அவள் உண்மையாக வேலை செய்த ஒரே வாரத்தில் ஒழிந்துவிட்டது.

தொட்டி துடைத்து வைத்தாற்போல் இருந்தது. கடைக்காரர் பார்த்தால் வண்டியோடு வந்துவிடுவார். அவள் முக்காலியை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தாள். இரண்டு மீன்களும் அவளைப் பார்த்தன. சாயங்காலம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள், அழக்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "எப்படி இருக்கு அத்தை?"

"மூளைக்கு ஒண்ணுமில்ல, தேறிடுச்சு" என்றாள். அது உண்மை.

"கையாட்டி?"

"அது எங்க போகும்? ஆடிக்கிட்டேதான் இருக்கு."

"அப்படியா? சரி, அடுத்த வாரம் வீடியோவுல காட்டுங்க. நேர்ல பாத்தா வேற வழி ஏதாவது தோணும். இந்த வாரமே காட்டச் சொல்லியிருப்பேன், இங்க லைன் சரியில்ல."

ஆல்ட்டரம்மாவின் காது சிவந்தது சிவந்தபடியே இருந்தது. ஒரு வாரம் இருக்கிறது. மறுநாள் வேலை முடிந்ததும் நேராகத் தொட்டிக் கடைக்குப் போனாள்.

"என்னம்மா, ஒழிஞ்சுதா? வண்டி அனுப்பட்டுமா?" என்றார் கடைக்காரர்.

"இல்லை இல்லை, இருக்கு. வந்து... உங்க கடையில அது கொஞ்சம் கிடைக்குமா?"

"எது?"

"அதுதான்."

கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நெருப்பை அணைக்கறேன்னு சொல்லிட்டு நெருப்புப் பெட்டி கேக்கறீங்களே? அதை வாசப்படி தாண்ட விடமாட்டேன். இங்க பல் டாக்டர் ஒருத்தர், தொட்டி பூரா அதையே வெச்சிருக்கார். சும்மா தரேன்னு ஒரு டப்பாவுல கொண்டு வந்தார். டப்பாவைத் திறக்கவே விடல நான்."

"எந்தப் பல் டாக்டர்?" என்று கேட்டாள் ஆல்ட்டரம்மா, ரொம்பச் சாதாரணமாக.

அவள் பற்களில் ஒரு குறையும் கிடையாது. நூலைப் பல்லால் கடிக்கிற தொழில், பல்லை அப்படிக் காப்பாற்றி வைத்திருந்தாள். இருந்தாலும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு டாக்டரின் வரவேற்பறையில் போய் உட்கார்ந்தாள். எதிரில் தொட்டி. உள்ளே ஒரு அங்குலம் விடாமல் இளஞ்சிவப்புக் கைகள் விரிந்து மூடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் வீங்கிய கன்னத்தோடு இருந்தவர்கள் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு மட்டும் சொந்தக்காரர்களைப் பார்த்ததுபோல் இருந்தது.

உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் சாய்த்து, வாய்க்குள் விளக்கடித்து, ஒவ்வொரு பல்லாய்த் தட்டிப் பார்த்தார் டாக்டர்.

"எங்க வலிக்குது?"

அவள் பொதுவாக ஒரு பக்கம் காட்டினாள்.

"எல்லாம் கல்லு மாதிரி இருக்கே? சரி, வந்தது வந்தீங்க, சுத்தம் பண்ணிடறேன்." உறிஞ்சுகுழாயைச் சொருகிவிட்டார். வாய் நிறைய சாமானோடு அவள் ஏதோ சொன்னாள். டாக்டர் குழாயை எடுத்தார். "என்ன?"

"வெளிய தொட்டியில இருக்கே டாக்டர், அதுல கொஞ்சம் கொடுப்பீங்களா?"

டாக்டரின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. இதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லையாம். முகக் கவசத்தைக் கழற்றிவிட்டு அவளை நேராகத் தொட்டிக்கு அழைத்துக்கொண்டு போனார். காத்திருந்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டார்கள். கடிக்க முடிந்தவர்கள் மட்டும்.

"முன்பல்லா, கடைவாயா? எது வேணும்?" என்றார்.

அப்போதுதான் கவனித்தாள். தொட்டியின் அடியில், மணலில், வெள்ளை வெள்ளையாய்ப் பற்கள். பல்லுக்குப் போடுகிற கேப்புகள். அளவு பொருந்தாமல் திரும்பி வந்தவற்றைத் தூக்கிப்போட மனசில்லாமல் தொட்டிக்குள் போட்டுவைப்பாராம். கையாட்டி அவற்றின்மேல் ஏறி வளர்ந்திருந்தது.

"அளவு சரியில்லைனா கொஞ்சம் பிரிச்சு, கொஞ்சம் பிடிச்சு, ஆல்ட்டர் பண்ண முடியாதா?" என்று கேட்டாள்.

"செராமிக்கும்மா. ஒரு தடவை வெந்துட்டா அவ்வளவுதான். பொருந்தினா பொருந்தினது, இல்லைனா இல்லை" என்றார் டாக்டர். மூடி போட்ட டப்பாவில் தொட்டித் தண்ணீரை ஊற்றி, ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்து உள்ளே விட்டார். பல்லின் தலையில் ஏழெட்டுக் கைகள் சுருங்கி உட்கார்ந்திருந்தன.

பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து, மூளைப் பவளத்துக்கு எட்டாத ஒரு மூலையில், இரண்டு பாறைக்கு நடுவே, பல் தெரியாமல் கைகள் மட்டும் தெரிகிற மாதிரி செருகினாள். தீனியை மறுபடி ஒரு சிட்டிகையாக்கினாள். இரண்டு நாளில் கைகள் விரிந்து ஆட ஆரம்பித்தன. ஒரு வருஷமாகப் பார்த்த கூட்டம் எங்கே, இந்த ஒரு கொத்து எங்கே. கிட்டத்தில் வைத்துக் காட்டினால் நிறைய இருப்பதுபோல் தெரியும் என்று சப்பைக்கட்டு கட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் மருமகளின் முகம் வந்தது. கொஞ்சம் இளைத்திருந்தாள். பின்னால் ஒரு கட்டில், ஒரு கொடி, கொடியில் ஒரே ஒருத்தியின் துணிகள். கன்னத்தை ஒருபக்கமாகச் சாய்த்துப் பார்க்கிற அதே வழக்கம். ஆல்ட்டரம்மா போனைக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் பிடித்து, மூளைப் பவளத்தை நிதானமாகக் காட்டினாள். பிறகு மூலைக்குக் கொண்டுபோனாள்.

"பாத்தியா, எப்படி ஆடுதுன்னு? எவ்வளவு இருக்கு பாரு" என்றாள். அவள் பார்வை போனில் இருந்த முகத்தில் இருந்தது, தொட்டியில் இல்லை. காலையிலேயே நத்தை ஒன்று அந்த வழியாகப் போய், செருகியதை இடித்துத் தள்ளியிருந்தது. நத்தைகளுக்கு அதைத் தவிர வேறு வேலை கிடையாது.

"அத்தை, கொஞ்சம் கீழ காட்டுங்க. மணல்ல. அது என்ன?"

"எது?"

"அது... பல்லு மாதிரி இருக்கே." மருமகளின் முகம் போனுக்குள் பெரிதாகி வந்தது. "கடைவாய்ப் பல்லு! அத்தை, உங்க பல்லா? கீழ விழுந்தீங்களா? என்ன ஆச்சு, ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எனக்கு ஒண்ணும் ஆகல. என் பல்லு எல்லாம் இருக்கு" என்று போனைத் திருப்பிப் பல்லைக் காட்டினாள் ஆல்ட்டரம்மா. "அது விழுந்தது இல்லமா. வாங்கினது."

வேறு வழியில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். தண்ணீரை மாற்றியது, காலையில் எழுந்து பார்த்தது, கூழாய்ப் போனது, கடைக்காரர், பல் டாக்டர், உறிஞ்சுகுழாய். டாக்டர் பற்களைக் காட்டி எது வேணும் என்று கேட்ட இடத்தில் மருமகள் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"அப்ப போன வாரம் ஆடுதுனு சொன்னீங்களே?"

"சொன்னேன்."

"அதுக்கு முன்னாடி? எவ்வளவு சுரண்டினாலும் வந்துக்கிட்டே இருந்துதே, அது?"

ஆல்ட்டரம்மாவின் காது இரண்டும் செவசெவ என்று சிவந்துவிட்டன. இது வீடியோ என்பது அவளுக்கு ஞாபகம் இல்லை.

"அத்தை." மருமகளின் குரல் தாழ்ந்தது. "என்கூடப் பேசணும்னா இதெல்லாம் எதுக்கு? சும்மா கூப்பிடக் கூடாதா? நான் எடுக்க மாட்டேனா?"

"எடுப்பே" என்றாள் ஆல்ட்டரம்மா. "எடுத்ததும் என்ன அத்தை, என்ன விஷயம்னு கேப்பே. நான் என்னன்னு சொல்றது? இன்னார் பேசறேன்னு சொல்லிக்க எனக்கு ஒரு முறை இருக்கா? தொட்டி இருந்தா, தொட்டியைப் பத்திப் பேசறேன்னு சொல்லலாம்."

மருமகள் போனைக் கட்டில்மேல் வைத்துவிட்டாள் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் அவள் அறையின் மேற்கூரை மட்டும் தெரிந்தது. காரை பெயர்ந்த வெள்ளைக் கூரை. ஆல்ட்டரம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதோடு முடிந்தது என்று நினைத்தாள்.

முகம் திரும்பி வந்தது. முகத்தைக் கழுவிவிட்டு வந்திருந்தாள்.

"கடைக்காரர்கிட்ட நான் பேசிக்கறேன் அத்தை" என்றாள். "கையாட்டி இன்னும் போகலைனு சொல்லிடறேன்."

ஆல்ட்டரம்மா தலையை ஆட்டினாள்.

"அந்தப் பல்லு அந்த மூலையில இருந்தா பிழைக்காது. நீரோட்டமே இல்ல அங்க. முன்பக்கமாக் கொண்டு வாங்க, விளக்கு நல்லாப் படற இடத்துக்கு."

ஆல்ட்டரம்மா போனைச் சர்க்கரை டப்பாவின்மேல் சாய்த்து வைத்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விட்டுப் பல்லை எடுத்தாள்.

"இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம், அத்தை."